விழுங்கிய பத்து வினாடி

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், கெர்கெலன் தீவில், மூன்று மாதமாகக் காற்று ஓயவில்லை. 1874 டிசம்பரின் அந்தக் காலையில் மேகம் மட்டும் விலகி வழிவிட்டது.

ஆப்னர் தாக்ஸ்டர் தன் மரக்குடிலில் தொலைநோக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். முப்பது அடி தள்ளி, அடுத்த குடிலில் கேப்டன் லாத்ராப். கப்பல் திரும்பி வரும்வரை தீவில் இவர்கள் இருவர்தான்.

"தாக்ஸ்டர்! உன் வாசல்ல ஒரு பென்குவின் நிக்குது பாரு. வாஷிங்டன்லேருந்து புரொபசர் யாரோ சோதனை போட வந்திருக்காரு. உள்ள கூப்பிட்டு உக்கார வை!"

"காப்பி கேப்பாரே, கேப்டன். தீந்துபோச்சு."

"முட்டைக்கோஸ் சூப் ஊத்து. நாம குடிக்கல?"

ஆப்னர் சிரித்தான். அதன்பின் இருவரும் பேசவில்லை. தான் கண்ட நேரத்தை எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைக்கும்வரை ஒருவர் காதில் மற்றவர் குரல் விழக் கூடாது. அதுதான் விதி.

சூரியனின் விளிம்பில் சுக்கிரன் கரும்புள்ளியாக நுழைந்துகொண்டிருந்தது. அது முழுதாக உள்ளே வந்து விளிம்பைவிட்டுப் பிரியும் வினாடியைக் குறிக்க வேண்டும். உலகின் வேறு மூலைகளிலும் ஆட்கள் அதையே குறிப்பார்கள். அந்த நேரங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தில்தான் சூரியனின் தூரம் ஒளிந்திருந்தது. இதை விட்டால் எட்டு ஆண்டு கழித்து ஒருமுறை. அப்புறம் இப்போது உயிரோடிருக்கும் யாருக்கும் இல்லை.

கண் தொலைநோக்கியில் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க முடியாது. நிமிடம் பிறக்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு டிக் சத்தத்தைக் காதால் கேட்டு மனத்துக்குள் எண்ண வேண்டும். ஆப்னர் எண்ணினான். சுக்கிரனையும் விளிம்பையும் ஒட்டியிருந்த கருப்பு இழை நீண்டது, மெலிந்தது, அறுந்தது.

முப்பத்தொன்று.

எண்ணுவதை நிறுத்தாமல் கடிகாரத்தின் பக்கம் திரும்பினான். மனம் நாற்பது என்றது. முள் ஐம்பதில் இருந்தது.

நடுவில் எங்கோ பத்து வினாடியை விழுங்கியிருக்கிறான். இழை அறுவதற்கு முன்பு என்றால் சரியான எண் நாற்பத்தொன்று. பின்பு என்றால் முப்பத்தொன்று. கண்ணை மூடி எண்ணிக்கையைப் பின்னோக்கி நடத்திப் பார்த்தான். முப்பதுக்குப் பிறகு...

"முப்பத்திரண்டு!" அடுத்த குடிலிலிருந்து கேப்டன் கத்தினார். "தாக்ஸ்டர், பாத்தியா? கத்தியால வெட்டினாப்ல!"

ஆப்னரின் கையில் பென்சில் அப்படியே நின்றது.

கேப்டன் வாசலுக்கு வந்தபோது அவர் முகம் பூரித்திருந்தது. ஆப்னர் நடந்ததைச் சொன்னான்.

"அட, இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க? முப்பத்தொண்ணுன்னு எழுது. என்னோட எண்ணுக்குப் பக்கத்துலதானே இருக்கு?"

"எனக்கும் அதான் சரின்னு படுது, கேப்டன். ஆனா நீங்க கத்தினதுக்கு அப்புறம்தான் படுது."

கேப்டனின் சிரிப்பு அடங்கியது. "கத்தினேன்னு எழுதப்போறியா?"

"காதுல விழுந்துச்சுன்னு எழுதணும்."

"எழுதினா உன்னோடத தூக்கிக் கடாசிடுவாங்க. என் பேரும் நாறிப்போகும்."

"தெரியும்."

கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் திருகினார். "என் பொண்டாட்டி கடுதாசியக்கூட உனக்குத்தானேடா படிச்சுக் காட்டினேன். சந்தோஷம் வந்தா சொல்றதுக்கு இந்த ஊர்ல உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஆப்னருக்கும் வேறு யாரும் இல்லை. குனிந்து எழுதினான்: 'முப்பத்தொன்று அல்லது நாற்பத்தொன்று. பத்து வினாடி எண்ணிக்கை தவறியது. எழுதுமுன் மற்றவரின் எண் என் காதில் விழுந்தது.' அரக்கை உருக்கி முத்திரை வைத்து நிமிர்ந்தபோது வாசலில் பென்குவின் மட்டும் நின்றது.

நான்கு மணி நேரம் கழித்து சுக்கிரன் மறு விளிம்பைத் தொட்டது. இந்த முறை ஆப்னர் வாய்விட்டு எண்ணினான். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. எண்ணும் முள்ளும் ஒத்துப்போயின. எழுதி, அரக்கு வைத்து, அடுத்த குடிலின் பக்கம் காதை வைத்துக் காத்திருந்தான். காற்றுச் சத்தம்தான் கேட்டது.

மதியம் சூப் காய்ச்சி இரண்டு கிண்ணங்களில் ஊற்றி வைத்தான். கேப்டன் வந்தார். தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் குடிலுக்குப் போய்விட்டார்.

கப்பல் வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது.