லோரி பத்தாங் காலிக்கே போன கதை

கணேஸ்வரனின் லோரி வீட்டுக்குத் திரும்ப மறுத்தது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். புக்கிட் பெலிம்பிங் முச்சந்தியில், அவர் வீடு இருக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் மண்சாலையில் அவர் வண்டியைத் திருப்பினார். அந்தச் சாலை எங்கோ தொலைவில் இருக்கும் பத்தாங் காலியில் ஒரு மளிகைக் கடை வாசலில் போய் முடிந்தது. இடையில் இருந்த ஊர்கள் எல்லாம் எங்கே போயின என்று அவருக்கு விளங்கவில்லை. டீசல் மட்டும் ஒரு சொட்டும் குறையவில்லை என்பதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். மறுநாளும் அதே கதைதான். காரணம் என்னவென்று தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற அந்த லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய மகள் கவிஷா, "அப்பா போச்சு" என்று சொல்லிவிட்டாள்.

கவிஷாவுக்கு அப்போது இரண்டரை வயது. நடந்ததைச் சொல்ல அவளிடம் இருந்தது ஒரே ஒரு வால். எந்தச் சொல் கைக்கு அகப்பட்டாலும் பின்னால் ஒரு 'ச்சு'வை ஒட்டிவிடுவாள். ஒட்டியது அப்படியே நடந்துவிடும். "பால் போச்சு" என்றால் பால் டின் காலி. "பூன போச்சு" என்றால் அந்தப் பூனையை அப்புறம் யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு உடையப்பன் ஒரு காலத்தில் தோட்டத்தையே அதட்டி வேலை வாங்கிய மண்டோர். அவரே இந்தக் குழந்தையைக் கண்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொள்வார். தாய் புனிதவதி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் முளைக்கும்போது கடிக்காத பிள்ளை உண்டா என்றுதான் நினைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. பிள்ளைக்குப் பேச்சு பிந்துகிறது, பள்ளிக்கூடத்தில் கஷ்டப்படும், இனிமேல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று கணேஸ்வரன் சொன்னார். அடுப்படியில் நின்றுகொண்டு தனக்கு அதெல்லாம் வராது என்று புனிதவதி சொன்னாள். அவர் கோபத்தில் "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு லோரியில் ஏறினார். வெங்காயம் வாங்கக் கடைக்குப் போகிறவர்கூட "போயிட்டு வரேன்" என்று சொல்லிப் போகிற லயம் அது. மீதியையும் சொல்ல வைக்க வேண்டும் என்று புனிதவதி வாசல் வரை ஓடி வந்தாள். ஆனால் புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதே! வாய் வரை வந்த "என்னங்க"வை விழுங்கிக்கொண்டு நின்றாள். காலடியில் நின்ற குழந்தைதான் லோரியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தது.

மாதங்கள் ஓடின. தினமும் பொழுது சாய்ந்ததும் அவர் போன் பண்ணுவார். "முச்சந்தியில திரும்பிட்டேன் புனிதா... ஐயோ, மறுபடியும் பத்தாங் காலிதான் லா." நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்று அவள் பிள்ளையோடு பஸ் ஏறிப் போனாள். அன்றைக்கு அவர் லோரி சுங்கை பஞ்சாங்கில் ஒரு வயல் வரப்பில் போய் நின்றது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அழுதாள். சகுனமாவது மண்ணாவது, கத்திக் கூப்பிட்டிருக்கலாமே என்ற எண்ணம் அவளைத் தின்றது.

பிள்ளைக்குச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று லயமே கிளம்பியது. உடையப்பன் மைலோ கலந்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "சொல்லு பாப்பா, அப்பா வந்துச்சு. சொல்லு லா!" மைலோ வேண்டும் என்பதற்காகக் கவிஷா அப்படியே ஒப்பித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அது உடையப்பனின் சொல், அவளுடையது அல்லவே. மேலும் திருத்தத் திருத்த, அவள் வாயைத் திறப்பதையே நிறுத்திக்கொண்டாள்.

புனிதவதி கோலசிலாங்கூரில் ஜெய்புன்னிசாவின் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளையையும் கூட்டிப் போவாள். நடந்ததையெல்லாம் கேட்ட ஜெய்புன்னிசா, "அதப் போட்டு நோண்டாத புள்ள. சோறு ஊட்டு, பேச்சு கொடு. மத்தத அதுவே கட்டிக்கும்," என்றார். அதற்குப் பிறகு யாரும் திருத்தவில்லை. ரொட்டி தட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கவிஷா நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். வா தம்பி, வாங்க பாய், வாம்மா, உள்ள வா. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போயிட்டு வரேன் என்றார்கள், சொன்னபடி மறுநாள் வந்தார்கள்.

ஒரு மத்தியானம் அவள் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "ரொட்டி வாச்சு" என்றாள். யாரும் போடாத ஒரு ரொட்டி அவள் முன்னால் ஆவி பறக்க இருந்தது. போ என்றால் போச்சு, அப்படியானால் வா என்றால் வாச்சு. பிள்ளையின் கணக்கில் என்ன தப்பு? அந்தச் சொல்லை அவள் எவரிடமும் கேட்டதில்லை. சோற்றுக்கு வந்திருந்த உடையப்பன், "வாச்சு இல்ல பாப்பா..." என்று ஆரம்பித்தார். புனிதவதி கரண்டியும் கையுமாக ஓடி வந்து, பெரியவர் என்றும் பாராமல் அவர் வாயைப் பொத்தினாள்.

கவிஷா வாசலுக்குப் போய்க் காலியாகக் கிடந்த சாலையைப் பார்த்தாள். "அப்பா வாச்சு," என்றாள்.

லோரி வந்து நின்றது. கணேஸ்வரன் கதவைத் திறந்து இறங்கினார். கால் தரையைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றார். சொல் கொஞ்சம் கோணல், ஆளும் கொஞ்சம் கோணல், அவ்வளவுதான். புனிதவதி அண்ணாந்து பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு, "அது இஷ்டத்துக்குப் பேசட்டும்மா," என்றார்.

கவிஷா இப்போது தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே மூச்சில் பொரிந்து தள்ளுகிறாள். வந்தார், வந்தாங்க, வந்துச்சு எல்லாம் எப்போதோ தானாகச் சரியாகிவிட்டன. பொருள்கள் காணாமல் போவதும் நின்றுவிட்டது. கணேஸ்வரன் மட்டும் அன்று வந்த மாதிரியே ஒரு சாண் உயரத்தில் இருக்கிறார். ஆலையில் அவர் லோரியிலிருந்து செம்பனைக் குலை இறக்குகிறவர்களுக்கு அது பழகிவிட்டது. அவருடைய செருப்பு தேய்வதில்லை. தினமும் காலையில் "போயிட்டு வரேன்" என்று முழுசாகச் சொல்லிப் புறப்படுகிறார், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறார். வீடு பெருக்கும்போது காலைத் தூக்குங்க என்று அவரிடம் சொல்லும் வேலை புனிதவதிக்கு இல்லை.