மூன்றாவது விடை

கணவர் இறந்த பதினாறாம் நாள் செண்பகவல்லிக்கு ஹால் டிக்கெட் வந்தது. அந்த ஊரில் யார் வீட்டில் யார் இறந்தாலும் பதினாறாம் நாள் வந்துவிடும். கொண்டு வந்த தபால்காரர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆங்கிலத் தேர்வு. ஒரே கேள்விதான். இறந்தவரின் பெயரைக் கொடுத்து அதற்கு சினானிம், அதே பொருள் தரும் ஆள், எது என்று கேட்பார்கள். எதிரே நான்கு பேரை உட்கார வைத்திருப்பார்கள். சரியான ஆளைக் குறித்தால் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். மற்ற மூவரையும் ஆன்டனிம், எல்லாவற்றிலும் நேர் எதிரான ஆள், ஆக்கிவிடுவார்கள். தப்பாகக் குறித்தால் வீட்டில் மிச்சமிருப்பவர்களின் பெயரையும் எடுத்துவிடுவார்கள்; பெயர் போனால் ஆளும் போய்விடும். செண்பகவல்லிக்கு மிச்சமிருந்தது மகள் முகிலா ஒருத்திதான். ஏழாவது படிக்கிறாள்.

டயர் கடை மாடியில் இருந்த கனகமணி சாரின் கோச்சிங் சென்டரில் செண்பகவல்லி சேர்ந்தாள். நாற்பது பேர் படித்தார்கள்.

"அபாண்டன்" என்பார் சார்.

"லீவ், கிவ் அப்" என்பார்கள் எல்லோரும்.

"ஆன்டனிம்?"

"கீப்."

தினமும் யாராவது புதிதாகச் சேர்ந்தார்கள். அதனால் சார் தினமும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினார். பத்து நாளில் வகுப்பு ஏ என்ற எழுத்தைத் தாண்டவில்லை. செண்பகவல்லியின் கணவர் பெயர் வேலாயுதப்பெருமாள்.

"சார், எங்க வீட்டு ஆளு வி-யில வாராரு" என்றாள்.

"வி வரைக்கும் இங்க யாரும் போனதில்லம்மா. தெரியலன்னா மூணாவதப் போடு. முப்பது வருசமா மூணாவதுதான்."

"பாத்ததும் இதுதான்னு தோணுமே சார்?"

"அதான் கொக்கி. பாக்க அப்படியே இருக்கதத் தொடவே தொடாத."

தேர்வன்று பள்ளிக்கூட வராந்தா நடக்க நடக்க நீண்டது. அவள் பதற்றப்படவில்லை. சீக்கிரம் கிளம்பி வரச் சொல்லி ஹால் டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது.

நான்கு நாற்காலிகள். ஏ, வேலாயுதப்பெருமாளின் கட்டம் போட்ட சட்டையைப் போட்டிருந்தார். பி, அவரைப் போலவே மூன்று முறை இருமி ஒரு முறை கனைத்தார். சி சும்மா உட்கார்ந்திருந்தார். டி அவரேதான். வலது புருவத்தின் தழும்புகூட அதே இடத்தில் இருந்தது.

"ஏட்டி செம்பகம், கேட்டுக்குக் கொண்டி போட்டியா?" என்றார் டி.

உயிரோடு இருந்தபோது வேலாயுதப்பெருமாள் போகும்போதும் வரும்போதும் கொண்டியைப் போட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். மாடு வந்து முருங்கையைத் தின்றுவிடும் என்பார். தெருவே கேலி செய்யும்.

"விடைகள் பேசக் கூடாது" என்றார் மேற்பார்வையாளர்.

"சார், இவரு எங்க வீட்டுக்காரரு."

"வீட்டுக்காரர் கேள்விம்மா. இது விடை."

ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கூடவே முகிலாவின் ஞாபகம் வந்தது. கனகமணி சாரின் குரலும் வந்தது. கருப்புப் பேனாவால் சி-யின் வட்டத்தை நிரப்பத் தொடங்கினாள்.

டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோட்டத் தாண்டாமப் போடு" என்றார்.

மறுநாள் விடைக்குறிப்பு வெளியானது. சி சரி. கோச்சிங் சென்டர் வாசலில் செண்பகவல்லியின் படத்தைப் போட்டு பேனர் கட்டினார்கள். சி ஒரு பையோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். தண்ணீர் வந்தால் பிடித்து வைத்தார். யாரைப் போலவும் இல்லை.

ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் இருந்தது. அதுவரை தள்ளுபடியான விடைகள் வாசலில் நிற்கலாம், உள்ளே வரக் கூடாது. டி வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

செண்பகவல்லி ஆட்சேபம் சொல்லத் தேர்வு அலுவலகத்துக்குப் போனாள்.

"டி-தான் சார் சரி."

"ஆதாரம்?"

"பதிமூணு வருசம் கூட இருந்திருக்கேன்."

"புத்தகம் வேணும்மா. பக்க எண்ணோட."

அவள் கனகமணி சாரின் தடிப் புத்தகத்தை வாங்கி வந்து அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். முகிலா பொருள் சொல்லிக்கொடுத்தாள். ஏழாம் நாள் வி வந்தது. அந்த ஊரில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் அவள்தான். இரண்டு தரம் தேடினாள். அவர் அதில் இல்லை.

சாயங்காலம் கேட்டுக்குப் போனாள்.

"கெடச்சுதாட்டி?"

"இல்ல."

"சரி."

"நீங்கதான்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா போட வேண்டியதுதான?"

"பயந்துட்டேன்."

"ம்" என்றார். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுக் கொண்டியைப் போட்டார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "புள்ளயப் பாத்துக்கோ."

எட்டாம் நாள் காலையில் அவர் தெருவில் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தார். வேலாயுதப்பெருமாள் அப்படிச் சிரித்ததே இல்லை. கேட்டைத் திறந்தார். செண்பகவல்லியை நன்றாகப் பார்த்தார். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டை விரியத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான்தான் அவரைச் சாகடித்தேன் என்று நினைத்தாள் செண்பகவல்லி. முதல் தடவை காய்ச்சல். இந்தத் தடவை நான்.

உள்ளே முகிலா பள்ளிக்கூடப் பையை அடுக்கிக்கொண்டே ஒப்பித்தாள். "அபாண்டன். லீவ், கிவ் அப். ஆன்டனிம், கீப்."

மாடு ஒன்று நிதானமாக உள்ளே வந்து முருங்கையைத் தின்னத் தொடங்கியது.

"கொண்டி போட்டுட்டு வரட்டுமா?" என்று கேட்டார் சி.

"தொடாதீங்க" என்றாள் செண்பகவல்லி. "அது அவரு தெறந்து வச்சது."