ஆமாம் போட்ட ஆர்கிரிஸ்

அந்த மலைக்கிராமத்தில் காபிக்கடை இரண்டு. கதவுக்குப் பச்சை அடித்தது ஒரு கட்சிக்கு, நீலம் அடித்தது மறு கட்சிக்கு. பச்சைக் கடைக்காரர் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காக ஏதென்ஸ் போனதும் பச்சைக்காரர்கள் வீறாப்பாக வீட்டிலேயே காபி குடித்தார்கள். அவர்களில் ஒருவரான ஆர்கிரிஸால் அது முடியவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவருக்குத் துணை வானொலிதான். அது பதிலுக்குப் பேசாது. அதனால் நீலக் கடைக்குள் நுழைந்தார்.

நீலக் கடை முதலாளி பாண்டெலிஸ்தான் ஊர்த்தலைவரும். "உக்காரு. ஆனா அரசியல் பேசினே, காபி தெருவுலதான்," என்றார்.

ஆர்கிரிஸ் வாக்குத் தவறவில்லை. அங்கே யார் என்ன சொன்னாலும் ஆமாம் போட்டார்.

அதில்தான் பாண்டெலிஸைச் சனி பிடித்தது. ஊர் ஊற்றைத் தண்ணீர் பாட்டில் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட அவர் படாதபாடு பட்டு ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்பு. தோற்றால் தலைவர் பதவி அம்பேல். ஊரில் நீலக்காரர்களே அதிகம் என்பதால் நிம்மதியாகத்தான் இருந்தார், "குத்தகை நல்லதுதான்" என்று ஆர்கிரிஸ் சொல்லும்வரை.

தபால்காரர் ஸ்டெலியோஸ் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தார். "இவனே நல்லதுங்கிறான்னா உள்ள ஏதோ இருக்குப்பா."

மறுநாள் கடையில் பாதிப்பேர் குத்தகைக்கு எதிரி. அதற்கு மறுநாள் மீதிப்பேர். முப்பது வருடமாக ஆர்கிரிஸ் சொல்வதற்கு நேர்மாறு எதுவோ அதுதான் அவர்களுடைய கொள்கை. இப்போது மட்டும் புதிதாக யோசிப்பார்களா என்ன?

சனிக்கிழமை பாண்டெலிஸ் வெட்கத்தை விட்டு ஆர்கிரிஸின் வீட்டுக்கே போனார். "டேய், உன் கால்ல விழறேன். நாளைக்குக் கூட்டத்துல என்னை எதிர்த்து நாலு வார்த்தை பேசு."

ஆர்கிரிஸ் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார்.

"நெசமாவே உனக்கு இதுல சம்மதமா?" என்றார் பாண்டெலிஸ். ஆர்கிரிஸின் கருத்து என்ன என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சம்மதமா? ஆகஸ்ட்ல ஊத்து நூலாட்டம் ஆயிடும். அதுவும் மொதல்ல கம்பெனிக்கு. உன் செர்ரித் தோட்டம் மிச்சத்தைத்தான் குடிக்கணும். கீழூர்ல அப்படித்தான் ஆச்சு. என் தங்கச்சி அங்க தண்ணி லாரிக்கு வாளியோட நிக்கிறா. அது பச்சை ஊராச்சே, உங்காளு எவன் அங்க போறான்?"

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே கைதட்டி ஊத்தைக் கொடுத்திருப்பீங்க."

"அப்ப நாளைக்கு..."

"நாளைக்கும் சொல்லமாட்டேன். சொன்னா ஊத்து போயிடும்."

ஞாயிறன்று பாண்டெலிஸ் தன் தீர்மானத்தைத் தானே எதிர்த்துப் பேசினார். நீலக்காரர்கள் கூடிய கூட்டத்தில் எப்படியும் தோற்போம் என்று மற்ற பச்சைக்காரர்கள் யாரும் வரவில்லை. குத்தகைக்கு ஆதரவாக ஒரே ஒரு கைதான் உயர்ந்தது.

"ஊரையே விக்கப் பாக்கிறான் பாரு," என்றார் ஸ்டெலியோஸ். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆர்கிரிஸ் கையை இறக்காமல் நின்றார். ஊற்று தப்ப வேண்டுமே என்று பாண்டெலிஸும் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவருக்கு அவமானமாக இருந்தது.