முன்வரிசையில் கொளஞ்சி

பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டி ஆலப்பாக்கத்தை நெருங்கும்போது கொளஞ்சி செத்துப்போனாள். மணவாளன் "ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்க்கவும், உள்ளங்கை அளவுத் திரையை டிபன் பையால் சட்டென்று மூடிக்கொண்டார். நாற்பத்துமூன்று வயது, கடலூரில் அரசாங்க உத்தியோகம், காதோரமெல்லாம் நரை. இந்த லட்சணத்தில் வீடியோ கேம்.

செத்தது அவர் மனைவி கொளஞ்சி இல்லை. அவள் சிதம்பரத்து வீட்டில் நன்றாகத்தான் இருந்தாள். செத்தது அந்த விளையாட்டில் வரும் ஈட்டிக்காரி. மகள் சத்யப்பிரியா படையிலிருந்த அத்தனை பேருக்கும் வீட்டு ஆட்களின் பெயரையே சூட்டியிருந்தாள். தாய்மாமன் அருண்பாண்டியன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்த சாமான் அது. கட்டம் கட்டமாகப் போர்க்களம். நாம் ஒரு முறை நம் ஆட்களை நகர்த்தினால், எதிரி ஒரு முறை நகர்த்துவான். நாம் யோசித்து முடிக்கிற வரைக்கும், அரைமணி நேரமானாலும், அவன் வாயை மூடிக்கொண்டு நிற்பான். மணவாளன் சொக்கிப்போனதே அதில்தான். அவரை யோசிக்கவிட்டுக் காத்திருந்தவர்கள் இந்த உலகத்தில் வேறு யார்? ஆனால் ஒரு வில்லங்கம். அந்த விளையாட்டில் செத்தவர்கள் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு நகர்த்தலையும் அது தானே பதிந்துகொண்டுவிடும். அணைத்துப் பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். போனவள் போனவள்தான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை என்றால் கேபிள் இணைப்பையே பிடுங்கிப் போடுகிற ஊர். சத்யப்பிரியாவுக்கு அந்தத் தொந்தரவுகூட யாரும் கொடுக்கவில்லை. பொங்கல் கழிந்த மறுநாள் தானாகவே அதைக் கொண்டுவந்து நீட்டினாள். "பரீட்ச முடியிற வரிக்கும் நீயே பூட்டி வெச்சிக்கப்பா. நான் கெஞ்சினாக்கூட குடுக்காத." எவ்வளவு நம்பிக்கை! மணவாளன் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் தாங்கினார். சும்மா எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க எடுத்தவர், பிப்ரவரியில் தினமும் டிபன் பைக்கு அடியில் வைத்துக் கடலூருக்கே கொண்டுபோகத் தொடங்கிவிட்டார். போகும்போது ஒரு சண்டை, வரும்போது ஒரு சண்டை.

வெட்கக்கேடு என்னவென்றால், அவள் செத்த விதம். பாலத்தருகே நான்கு எதிரிகள் வந்தார்கள். மணவாளன் என்று பெயர் போட்ட வில்லாளி கடைசிக் கட்டத்தில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தான். கொளஞ்சிக்குத் தாங்குசக்தி ஜாஸ்தி. அவளைத் தூக்கிப் பாலத்தின் நடுவில் நிறுத்திவிட்டார். யோசிக்கக்கூட இல்லை. அதுவாகவே கை போயிற்று. வாடகை வீட்டின் சொந்தக்காரர் தண்ணீர் மோட்டாருக்காகக் கத்த வந்தால், "நீ போய் சொல்லு." மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பினால், "நீ போய்ட்டு வந்துடு." சொந்த அக்கா சண்டைக்கு வந்தபோதுகூட, "அவுரு குளிக்கிறாருங்க அண்ணி" என்று வாசலில் நின்றவள் கொளஞ்சிதான். மணவாளன் குளியலறைக்குள் உலர்ந்த தலையோடு நின்றிருந்தார். இதெல்லாம் அன்றைக்கு பஸ்ஸில் வரிசையாக ஞாபகத்துக்கு வர, அவருக்குத் தன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே அதைப் பழையபடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒன்பது நாள் ஓடியது. பரீட்சை நேரத்தில் பிள்ளை மனதைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு நல்ல சாக்கும் கிடைத்தது.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் கையை நீட்டிவிட்டாள். "சாவிப்பா!"

மணவாளன் சாவியைக் கொடுத்துவிட்டு, செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மாவக் காணோம்ப்பா."

"சமையக்கட்டுல இருக்கா."

"இதுல காணோம். செத்துட்டாங்கன்னு காட்டுது. யாரு எடுத்தது?"

வாயைத் திறந்தபோது உண்மையைத்தான் சொல்லப்போகிறோம் என்று அவர் சத்தியமாக நினைத்தார். "அம்மாதான் பீரோவ ஒழிச்சா. கை பட்டு ஏதாச்சும் அமுங்கியிருக்கும்" என்று வந்து விழுந்தது.

"அம்பது சண்டைக்கு மேல தாண்டியிருக்கு. கை பட்டா தாண்டுமா?"

இட்லி மாவு படிந்த கையோடு கொளஞ்சி வந்து நின்றாள். புருஷனை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

"நாந்தான்டி. பொழுது போவலன்னு எடுத்து வெளாண்டேன். இப்ப இன்னா அதுக்கு?"

சத்யப்பிரியா கத்தவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பவும் இல்லை. அதை அணைத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"எங்க, ஆன் பண்ணும்மா."

கொளஞ்சி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். அம்புக்குறிகளை அமுக்கினாள். திரையை அமுக்கினாள். திருப்பி, முதுகுப் பக்கம் பார்த்தாள். வலது ஓரத்தில் நெல்மணி அளவில் இருக்கும் விசையை அமுக்கக் கூடாது, மேலே தள்ள வேண்டும். மணவாளனின் கட்டைவிரலுக்குக் கண்ணை மூடினாலும் அந்த இடம் தெரியும்.

"இங்கதான் எங்கியோ இருந்திச்சி" என்றாள் கொளஞ்சி. விரலிடுக்கில் மிச்சமிருந்த மாவு இருண்ட திரையில் ஈஷிக்கொண்டது. அவள் அதைத் துடைக்காமல், ஓரத்தை மறுபடியும் முதலிலிருந்து தடவத் தொடங்கினாள்.