சந்திரகலாவின் காய்ச்சலில் வெந்த குழாய்கள்

காய்ச்சலுக்கு மருந்து வேண்டும் என்று சந்திரகலா கேட்டாள். கிள்ளானில் இருந்த அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அதை மட்டும் கேட்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அது 1994 தைப்பூசம் முடிந்து, பத்துமலைக்குப் போனவர்கள் கால் வீங்கித் திரும்பியிருந்த வாரம். அவளுக்குக் காய்ச்சல் தொடங்கி அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு நாள்கூட விட்டதில்லை.

காய்ச்சல் வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். அதற்கு முந்திய வருடம் இறந்துபோயிருந்தார். அண்ணன் வேலாயுதம் வீட்டின் முன்பக்கத்தை மோட்டார்சைக்கிள் பட்டறையாக்கி, போர்ட்டில் யாரும் எடுக்க வராமல் கிடந்த பீங்கான் பூச்சு டின்களைக் கொண்டுவந்து, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்சோஸ் குழாய்களுக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அடித்தால் மட்டும் போதாது, சூளையில் வைத்துச் சுட வேண்டும். வேகாத பூச்சு நகம் பட்டாலே உரிந்து வரும். சூளைக்கு வழியில்லை. பட்டறையில் இடமும் இல்லாததால் ஒரு குழாயைத் தங்கையின் பாயோரம் காயவைத்தான். தூக்கத்தில் அவள் அதைக் கட்டிக்கொண்டு புரண்டிருக்கிறாள். விடிந்து பார்த்தால் பூச்சு கல்லாக இறுகி, கழுவி வைத்த பீங்கான் தட்டுபோல மினுங்கியது. அம்மா புஷ்பவல்லி வாங்கி வைத்திருந்த மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினாள். மகளைக் கூப்பிட்டு, மருந்து என்ற பேச்சை எடுத்துவிடாதே, இந்த அடுப்பு அணைந்தால் நாம் மூன்று பேரும் ரோட்டில்தான் என்றாள். அவள் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் கொடுமை.

வேலாயுதத்தின் வெள்ளைக் குழாய்க்குக் கிள்ளான் முழுக்கப் பேர் வந்தது. உப்புக்காற்றில் போர்ட் ஆட்களின் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாகும். இவன் குழாய்கள் எத்தனை மழைக்காலம் போனாலும் புதுசாகவே இருந்தன. சூடு உலோகத்தில் கசியாமல் புகையோடு உள்ளேயே ஓடியதால் வண்டி இழுத்த இழுப்பே வேறு. மோட்டார்சைக்கிளில் ஏறி இறங்கும் பெண்களின் வலது கெண்டைக்காலில் இருக்குமே ஒரு வட்டத் தழும்பு, அது இந்த வண்டிகளில் போனவர்களுக்கு விழவில்லை. பந்தயம் ஓட்டும் பையன்கள் ஜெஞ்சாரோமிலிருந்துகூட வந்தார்கள். சந்திரகலா பள்ளிக்கூடச் சீருடையோடு உட்கார்ந்து, கைக்கு ஒரு குழாயாகப் பிடித்தபடி மடியில் புத்தகத்தை விரித்துப் படித்தாள். பக்கத்தை மூக்கால் புரட்டினாள். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தபோது மழைநாட்களில் விடுதித் தோழிகள் துணிகளை அவள் கட்டிலைச் சுற்றிக் காயப்போட்டார்கள். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்து குழாய்களைச் சுட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அவள் பட்டத்தைப் பிடித்த இடம் பழுப்பாகக் கருகியிருப்பது பட்டமளிப்புப் படத்திலேயே தெரியும்.

பிறகு ஷா ஆலமில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. மருத்துவப் பரிசோதனையில் வாயில் வைத்த தெர்மாமீட்டர் வெடித்தது. டாக்டர் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் காய்ச்சலை இறக்கிக்கொண்டு வரச் சொன்னார். இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்கு. அதனால்தான் கேட்டாள்.

சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டாள். வேலாயுதம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "மருந்துதானே? இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? பிரிக்பீல்ட்ஸ்ல நல்ல டாக்டர் இருக்காருலா. நானே வாங்கிட்டு வரேன்" என்றான். போனான், வாங்கி வந்தான். புஷ்பவல்லி சுடுதண்ணீர் ஆற்றிக் கொடுத்து, "வெறும் வயித்துல போடாத புள்ள" என்று வேறு சொன்னாள். பத்து வருடம் பூட்டியிருந்த கதவு தட்டியதும் திறந்தால் எவளுக்கும் சந்தேகம் வரும். இவளுக்கு வரவில்லை. கண்ணில் திங்கட்கிழமை மட்டும்தான் இருந்தது.

மாத்திரை உள்ளே போய்த் தன் வேலையைச் செய்தது. உடம்புக்குள் ஈரம் திரண்டு தோல்வரை வந்து, வழியில்லாமல் திரும்பிப் போவது அவளுக்கே தெரிந்தது. காய்ச்சல் வேர்த்துத்தான் இறங்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டாள், மிளகு ரசம் குடித்தாள், உச்சி வெயிலில் போய் நின்றாள். ஒரு துளி இல்லை. தீபாவளியிலிருந்து தனக்கு வேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தீபாவளிக்குப் பிறகுதான் கோயிலில் பார்த்தவர்களெல்லாம் நிறுத்தி நிறுத்தி, "என்ன சந்திரா, வெள்ளையாயிட்ட! என்ன கிரீம்லா போடுற?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கொசு அவள்மேல் உட்கார்ந்து வழுக்கி விழுந்தது. யார் தொட்டாலும் அவள் உடம்பு சில்லென்றிருந்தது. உள்ளங்கைகள் மட்டும் முன்னைவிடக் கொதித்தன. குழாய்கள் பாதி நேரத்தில் வெந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பின்கழுத்து அரித்தது. பட்டறையில் கழற்றிப் போட்டிருந்த இரண்டு சைட் மிரர்களை எடுத்து, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் பிடித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வந்தது. கழுத்திலிருந்து முதுகுவரை பீங்கான் வெள்ளை. முடி தொடங்கும் இடத்தில் மட்டும் நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் பதிந்து, பொரிந்து உரிந்திருந்தன. அந்தத் தவறு அவளுக்கு நன்றாகத் தெரியும். பூச்சு அடிக்கும் முன் குழாயை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலில் இருக்கும் கொஞ்ச எண்ணெய் போதும், சுட்டதும் அந்த இடம் ரேகையோடு உரிந்துவிடும். இதற்காக அண்ணனையே எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். இந்த விரல்களில் எண்ணெய் நிறையவே இருந்திருக்கிறது. தீபாவளியன்று அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். குளித்த அசதியில் சந்திரகலா பகலெல்லாம் பிணம்போலத் தூங்கினாள். தூங்கியவளின் கூந்தலை அம்மா தூக்கிப் பிடிக்க, அண்ணன் ஸ்ப்ரே அடித்திருக்கிறான். உரிந்த ரேகைகளுக்குள் வேர்வை துளித்துளியாக நின்றது. வேர்வை நிற்க விடாமல் கொதிக்கும் உள்ளங்கைகளை விட்டால், அவள் உடம்பில் வேர்ப்பதற்கு மிச்சமிருந்த தோல் அவ்வளவுதான்.

வேலாயுதம் மறுக்கவில்லை. "காய்ச்சல் கொறஞ்சிக்கிட்டே வந்துச்சு, ஒனக்கே தெரியும். தீபாவளிக்கு முந்தி ரெண்டு குழாய் வேகவே இல்ல. சூடு ஒடம்பு முழுக்க வீணாப் போவுது. அதான் அடைச்சேன். உள்ளங்கைய மட்டும் விட்டு வச்சேன்லா, எல்லாம் அந்த வழியா வரட்டும்னு. குழாய்க்கும் அதானே செய்யிறோம்?"

"நான் குழாயாண்ணே?"

"ஒன்ன படிக்க வச்சது குழாய்தானே?"

"படிக்க வச்சது என் காய்ச்சல். நீ இல்ல."

"நெறத்தப் பாருடி, எவ்ளோ நல்லாருக்கு" என்று புஷ்பவல்லி குறுக்கே வந்தாள். "இந்த நெறத்துக்கே மாப்பிள்ள தேடி வருவான். தலையப் பிடின்னான், பிடிச்சேன். ஒனக்கு வலிக்கலையே?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. "நீ போயிட்டா நாங்க எங்கடி போவோம்?" அது நடிப்பில்லை. வேலாயுதத்துக்கு வேறு தொழில் தெரியாது. காசு மிச்சமாகும்போதெல்லாம் சூளை வாங்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். தங்கை இருக்கும்போது சூளை எதற்கு என்று ஒவ்வொரு தடவையும் விட்டிருக்கிறார்கள்.

சந்திரகலா யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பூச்சை எந்த ரசாயனமும் கரைக்காது. அதைச் சொல்லித்தான் இத்தனை வருடம் விற்றார்கள். மணல்தான் உரிக்கும். போர்ட்டில் கப்பல் தகடுகளின் துருவைக் காற்றழுத்தத்தில் மணல் அடித்து எடுக்கும் யார்டு ஒன்று உண்டு. பழைய குழாய்களை அங்கேதான் கொண்டுபோவார்கள், ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் நடக்கும். மணல் பூச்சோடு நிற்காது, கீழே இருப்பதையும் எடுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். முதுகில் தொடங்கச் சொல்ல வேண்டும், முகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். முதுகு மட்டும் முடிந்தாலே போதும், விடிவதற்குள் வேர்த்துவிடும். ரத்தத்தோடு வேர்த்தாலும் வேர்வைதான். செருப்பை மாட்டினாள்.

"எங்க போற? பந்தயக்காரங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், நாளைக்கு ஆறு குழாய் வேகணும்" என்று வேலாயுதம் வாசலை மறித்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவள் உள்ளங்கையை உயர்த்தி அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். சட்டைப் பொத்தான் இளகத் தொடங்கியதும் அவன் விலகிக்கொண்டான்.

எதிர்வீட்டு வள்ளியம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் சந்திரா, இந்த வெயில்ல கொடை இல்லாமப் போற?"

"வேர்க்கணும் ஆன்டி" என்று சொல்லிவிட்டு அவள் போர்ட் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். வள்ளியம்மா, சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு அடுத்த துணியை உதறினாள்.