பின்வரிசைக்கு வந்த மூப்பர்

மிசோரத்தின் கிழக்கு மலைகளில் ஒரு சிற்றூர். அங்கே சாங்தங்கா வெகுகாலம் சபை மூப்பராக இருந்தார். குடித்துப் பிடிபட்டவர்களைச் சபை ஒழுங்கின்படி சில காலம் விலக்கி வைக்கும் அறிவிப்பை ஞாயிறு ஆராதனையில் வாசிப்பது அவர்தான். பெயர் வரும் இடத்தில் சற்று நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார். அவரே ஒளிந்து குடிப்பது மனைவி ரெம்மாவிக்கு மட்டுமே தெரியும்.

மழைக்காலத்தில் ஒரு சந்தை நாள். பள்ளத்தாக்கில் அரிசிச் சாராயம் குடித்துவிட்டு ஏறி வந்தவர் வடிகாலில் விழுந்தார். இளைஞர் சங்கத்தார் அவரைச் சந்தை வழியாகத்தான் வீட்டுக்குத் தூக்கி வர முடிந்தது. காய்கறிக்காரிகள் கூவுவதை நிறுத்தினார்கள்.

அடுத்த ஞாயிறு அவருடைய பெயரை வேறொருவர் வாசித்தார். ஆறு மாதம் பாடகர் குழு இல்லை, திருவிருந்தின் அப்பமும் ரசமும் இல்லை, கடைசிப் பெஞ்சு.

தலைநகர் ஐசாலில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று துணிமணிகளைக் கட்டினார். அன்றே மலை சரிந்து சாலையை மூடியது. சபைக் கோயிலுக்கு நேர் கீழே அவருடைய வீடு. மணியும் மேளமும் பாட்டும் பலகைச் சுவரைத் தாண்டி உள்ளே வந்தன. காதைப் பொத்தினாலும் தாளம் தரையில் அதிர்ந்தது. வெளியே போனால் எல்லோரும் மரியாதையாக வழிவிட்டார்கள். அது இன்னும் மோசம். குடி இல்லாமல் கை நடுங்கியது. தண்ணீர்க் குவளையைக்கூட இரண்டு கையால் பிடிக்க வேண்டியிருந்தது.

"கர்த்தர் என்னை எலிப்பொறியில மாட்டுற மாதிரி மாட்டிட்டாரு" என்றார்.

ரெம்மாவி அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாட்டட்டும். மூணு வருஷமா பக்கத்துல படுத்திருந்தும் நீங்க எங்கேயோ இருந்தீங்க. இப்பத்தான் வீட்ல இருக்கீங்க."

அவருக்குக் கோபம் வந்தது.

ஊரே மண் அள்ளப் போனது. நாலு சுவருக்குள் மூச்சு முட்டியதால் அவரும் மண்வெட்டியோடு போனார். பக்கத்தில் நின்று அள்ளியவன் கப்லியானா. சந்தையில் பன்றிக்கறி விற்பவன். அவனுடைய பெயரையும் ஒரு ஞாயிறு சாங்தங்கா நிறுத்தி வாசித்திருந்தார். அதன்பின் அவன் குடியை விட்டான். கோயிலுக்கு மட்டும் திரும்பவில்லை.

"என்ன மூப்பரே, பின் பெஞ்சு மெத்துன்னு இருக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். சாங்தங்கா மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"முள்ளு மாதிரி குத்துதுடா. உன் பேரை வாசிச்ச அன்னிக்கும் நான் குடிச்சிருந்தேன். வாய் நாறக் கூடாதுன்னு ஏலக்காய் மென்னுட்டு வந்தேன். என்னை மன்னிச்சிரு."

கப்லியானா நாலைந்து வெட்டு மண்ணை அள்ளிக் கொட்டினான். பிறகு, "அந்தக் கையோட வீட்ல உக்காராதீங்க. நடுக்கம் எடுத்தா கடைக்கு வாங்க. விறகு பிளக்க ஆள் இல்ல" என்றான்.

சாலை திறந்தது. சாங்தங்கா ஐசாலுக்குப் போகவில்லை. தினமும் விறகு பிளந்தார். ஒருநாள் குடித் தாகம் தாங்காமல் பள்ளத்தாக்குப் பாதையில் பாதி தூரம் இறங்கிவிட்டார். கப்லியானா பின்னாலேயே வந்து பாறையில் உட்கார்ந்தான். இருட்டும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். அன்றுதான் சாங்தங்கா முதல்முறையாக யாருக்கும் கேட்காத குரலில் அழுதபடி ஜெபம் பண்ணினார். இவ்வளவு காலம் ஊருக்கு முன் ஜெபித்தது கூட்டம் கேட்பதற்காக என்பது அப்போது அவருக்கே புரிந்தது. கர்த்தர் தன்னைத் தள்ளிவிடவில்லை, தப்பி ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார் என்று தோன்றியது. சிட்சை என்று, பிள்ளையைத் திருத்தத் தகப்பன் தரும் தண்டனையாக, எத்தனையோ முறை வேதத்தில் வாசித்த வார்த்தை அன்றுதான் உடம்பில் இறங்கியது. அழுகை முடிந்ததும் நெஞ்சு லேசாக, காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது. காலையில் எழுந்தபோதும் அது போகவில்லை.

அந்த வார ஞாயிறு கப்லியானா வந்து கடைசிப் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "தள்ளி உக்காருங்க, இடத்தை எல்லாம் நீங்களே பிடிச்சிக்கிட்டா எப்படி?" என்றான். சாங்தங்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன.

ஆறு மாதம் முடிந்து திருவிருந்தில் சேர்த்துக்கொண்டார்கள். மூப்பர் பதவியை அவர் திரும்பக் கேட்கவில்லை. தாகம் சில சாயங்காலங்களில் இன்னும் வந்தது. அப்போதெல்லாம் ரெம்மாவியைக் கூப்பிட்டு, "வந்திருச்சு" என்பார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள்.