பேட்டரிக்கு இடது வலது கிடையாது

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கையடக்க ஒலிப்பதிவுக் கருவிகளுக்கு எந்த பிராண்டு ரீசார்ஜ் பேட்டரி நல்லது என்று ஒப்பிட்டு எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை கேட்டது. பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ரிமோட்டை இரண்டு தட்டு தட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யும் என்பதுதான். ஆனால் அக்காவின் கணவர் ஒலிப்பதிவாளர். பேட்டியோ பறவையோ பாட்டோ, கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் பிடித்து வருகிறவர். அத்தானைக் கேட்டால் ஆயிற்று என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "இன்றைய அவசர உலகில் பேட்டரி என்பது" (வேண்டாம்.)

அடுத்தது: "மூன்று பிராண்டுகளையும் முழு நடுநிலையோடு" (இதுவும் வேண்டாம். நடுநிலை என்று தானே சொல்லிக்கொள்கிறவனை யார் நம்புகிறார்கள்?)

2

பிராண்டுகளின் பெயரைப் போடப் போவதில்லை. உறையின் நிறப்படி வெள்ளை, பச்சை, கறுப்பு. வக்கீல் நோட்டீஸைத் தாங்குகிற உடம்பு இல்லை எனக்கு.

அத்தானின் முறை எளியது. கருவிக்கு இரண்டு பேட்டரி வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே மாதிரி பொட்டு வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். சேர்ந்தே சார்ஜ் ஆக வேண்டும், சேர்ந்தே தீர வேண்டும். வெள்ளையில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக நான் எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார்.

"ஜோடியைப் பிரிக்காத மாப்ள. ஒண்ணு சோர்ந்துட்டா, இன்னொண்ணு எவ்வளவு தெம்பா இருந்தாலும் கருவி நின்னுடும்."

(இது பின்னால் எதற்கோ உதவப்போகிறது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நான் கட்டுரைக்காகத்தான் கேட்டுக்கொண்டேன்.)

சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே கருவியை வைத்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுவார். வெளிச்சம் பேட்டரியைத் தின்னும் என்று திரையை அணைத்துவிடுவார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவானதைக் கேட்பார்.

வெள்ளையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் ஓடுது. ஆனா இடது பக்கம் சத்தம் அமுங்குது."

பச்சையிலும் இடது பக்கம் அமுங்கியது. கறுப்பிலும்.

"எல்லாம் ஒரே ஃபேக்டரில பண்ணி, சட்டையை மட்டும் மாத்தி மாட்டிவிடுறாங்க போல," என்றார்.

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

3

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்கு இடது வலது கிடையாது. தீர்ந்துபோனால் கருவி மொத்தமாக நிற்கும். ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் குறைக்க அதற்குத் தெரியாது.

இங்கே பாத்திரத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை வருடம் தொழில் செய்தவருக்கு இது தெரியாதா? வாசகர் நம்புவாரா? திரையைப் போட்டுப் பார்த்தால் சத்தத்தின் அளவைக் காட்டும் கோடுகள் இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்குவது தெரிந்துவிடுமே?

தெரியும். அதனால்தான் திரை அணைந்திருக்கிறது என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. அவர் எனக்கு அத்தான்.)

4

அடுத்த வாரம் ஒரு பாடகர் குழுவைப் பதிவு செய்ய அவர் ஒப்புக்கொண்டிருந்தார், தனி ஆளாக. எந்தக் குரல் எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை அங்கேயே காதால் நிறுத்துப் பார்க்க வேண்டிய வேலை. சறுக்கினால் மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாத மனிதர்.

அக்காவைச் சமையலறையில் பிடித்தேன்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான் இப்பல்லாம் அவருக்கு வலப்பக்கமாத்தான்டா உட்கார்றேன். சாப்பிடும்போது, பஸ்ல, எல்லாத்துலயும். தானா பழகிடுச்சு."

"டாக்டர்கிட்ட?"

"அவரா சொல்லட்டும்னு இருக்கேன். நாம சொன்னா, பேட்டரி சரியில்லம்பாரு."

எனக்கு இரண்டு பேரையும் நினைத்துப் பாவமாக இருந்தது.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

நானே சொல்லிவிடுவது. (எனக்கு அவ்வளவு தைரியம் இருப்பதாக எழுதினால் அக்காவே நம்ப மாட்டாள்.)

பதிவு சொதப்பி, அவர் தலைகுனிந்து வருவது. (எழுதி முடித்துக் கிழித்துப் போட்டேன். கட்டுரைக்காக ஒருவரை இந்தப் பாடு படுத்தக் கூடாது.)

டாக்டர் மருந்து கொடுக்க, எல்லாம் சரியாகிவிடுவது. (கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.)

6

ஆகவே நேற்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கறுப்பை இன்னொரு முறை கேட்டுவிடலாம் என்று அத்தான் உட்கார்ந்தார். அதற்குச் சற்று முன்தான் அக்கா மேசையைத் துடைத்து, ஹெட்போனை எடுத்து வைத்திருந்தாள், முன்பக்கம் பின்னாகத் திருப்பி. வேண்டுமென்றா, கவனிக்காமலா என்று நான் கேட்கவில்லை.

மாட்டிக்கொண்டார். கேட்டார். வழக்கமாக இடது தோளில் விழும் ஒயர் வலது தோளில் கிடப்பதைப் பார்த்தார். கழற்றித் திருப்பி, மறுபடி மாட்டினார். மறுபடி கேட்டார். ஹெட்போன் பக்கம் மாறியும் அமுக்கம் பக்கம் மாறியிருக்காது. அதை அவர் முகத்தில் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க முடியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மாப்ள," என்றார்.

அடுத்து அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. இரண்டு வாக்கியம் தருகிறேன், ஒன்றை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்தப் பாட்டுப் பதிவுக்கு வேற ஆளைச் சொல்லிடலாமா?"

"மஞ்சள்னு ஒரு பிராண்டு வந்திருக்காமே, வாங்கிப் பார்ப்போமா?"

எதை எடுத்தாலும், அடுத்த வரி மாறாது: அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், நாற்காலியை அவருக்கு வலப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.